எழுதிவிட்டுக் கலக்குங்கள்: வேதியியலைக் கையால் படிக்க ஆறு நடவடிக்கைகள்

மாணவர்களே, ஒரு கேள்வியோடு தொடங்குவோம். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் தராசில் வைத்து நிறுக்கிறோம். பிறகு அதைத் தீயில் காட்டி எரிக்கிறோம். நன்றாக ஆறிய பின் மீண்டும் நிறுக்கிறோம். எடை கூடியிருக்குமா, குறைந்திருக்குமா, அல்லது அப்படியே இருக்குமா?

பதிலைத் தேடி அடுத்த பத்திக்கு ஓடாதீர்கள். பக்கத்தில் கிடக்கும் ஒரு தாளை எடுங்கள். உங்கள் பதிலைப் பேனாவால் எழுதுங்கள். அதன் கீழே "ஏனென்றால்..." என்று தொடங்கி ஒரே ஒரு வரி எழுதுங்கள். பென்சில் வேண்டாம். பென்சிலால் எழுதினால் அழிக்கத் தோன்றும்.

எழுதிவிட்டீர்களா? இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதியை நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள்.

முதலில் எழுத்து, பிறகு பரிசோதனை

படிவம் மூன்று முடிந்து பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில், "வேதியியல் வேண்டாம் டீச்சர், மனப்பாடம் செய்ய வேண்டியது அதிகம்" என்று சொல்லும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவர்களில் பலர் ஆய்வுக்கூடத்தில் ஆர்வமாக நிற்பவர்கள்தாம். நிறம் மாறினால் கைதட்டுவார்கள், நுரை பொங்கினால் கைப்பேசியை எடுப்பார்கள். ஆனால் வகுப்பு முடிந்ததும் "ஏன் நிறம் மாறியது?" என்று கேட்டால் புத்தகத்தைப் புரட்டுவார்கள். கண்ணால் பார்த்தது ஒரு பக்கம், புத்தகத்தில் படித்தது வேறொரு பக்கம் என்று நின்றுவிடுகிறது. இரண்டும் சேராவிட்டால் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இருக்காது.

இந்த இரண்டையும் சேர்க்க ஓர் எளிய வழி உண்டு. ரிச்சர்ட் வைட், ரிச்சர்ட் கன்ஸ்டன் என்ற இரண்டு ஆஸ்திரேலியக் கல்வியாளர்கள் 1992-இல் வெளியிட்ட நூலில் அதை விளக்கினார்கள். அதற்கு மூன்று படிகள்: கணித்தல், உற்றறிதல், விளக்குதல். பரிசோதனைக்கு முன் என்ன நடக்கும் என்று காரணத்தோடு எழுத வேண்டும். பிறகு நடப்பதைக் கவனித்துப் பதிவு செய்ய வேண்டும். கடைசியில், எழுதியதும் கண்டதும் ஒத்துப்போகாவிட்டால் ஏன் என்று விளக்க வேண்டும்.

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் என்று படித்தீர்களே: உற்றறிதல், ஊகித்தல், முன் அனுமானித்தல். அதே சொற்கள்தாம். இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் மொழி மாறுகிறது, சொற்களும் மாறுகின்றன. திறன் மட்டும் மாறவில்லை.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அலெக்ஸ் ஜான்ஸ்டன், வேதியியல் ஏன் கடினமாக இருக்கிறது என்பதை ஆராய்ந்தவர். வேதியியலுக்கு மூன்று தளங்கள் உண்டு என்றார் அவர். முதல் தளம் கண்ணுக்குத் தெரிவது: நிறம், புகை, வெப்பம், வீழ்படிவு. இரண்டாம் தளம் கண்ணுக்குத் தெரியாத துகள்கள்: அணு, அயனி, மூலக்கூறு. மூன்றாம் தளம் நாம் எழுதும் குறியீடுகளும் சமன்பாடுகளும். ஆசிரியர் இந்த மூன்றுக்கும் இடையே தாவித் தாவிப் பேசுவார். புதிதாகப் படிப்பவருக்கு அந்தத் தாவல் புரியாது. எனவே கீழே உள்ள ஒவ்வொரு நடவடிக்கையிலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என்ன தெரிகிறது? துகள்கள் என்ன செய்கின்றன? அதை எப்படி எழுதுவது?

1. இரும்பு நார்: கூடுமா, குறையுமா?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பெரும்பாலோர் "குறையும்" என்றுதான் எழுதுவார்கள். விறகு எரிந்தால் சாம்பல் கொஞ்சம்தான் மிஞ்சுகிறது. மெழுகுவர்த்தி எரிந்தால் கரைந்து போகிறது. ஆகவே எரிந்தால் குறையும் என்பது நம் அனுபவம்.

ஆனால் இரும்பு நார் எரிந்தால் பொருண்மை கூடுகிறது. எரியும்போது இரும்பு, காற்றிலுள்ள உயிர்வளியுடன், அதாவது ஆக்சிஜனுடன், சேர்ந்து இரும்பு ஆக்சைடு ஆகிறது. அது திடப்பொருள். எங்கும் பறந்து போகாமல் தராசிலேயே இருக்கிறது. இரும்போடு உயிர்வளியின் பொருண்மையும் சேர்ந்துகொள்கிறது.

விறகும் மெழுகும் எரியும்போதும் உயிர்வளி சேரத்தான் செய்கிறது. ஆனால் அங்கே உண்டாகும் கரிவளியும் நீராவியும் காற்றோடு கலந்து போய்விடுகின்றன. அவற்றையும் பிடித்து நிறுத்திருந்தால் அங்கும் பொருண்மை கூடியிருக்கும். பிரான்ஸ் நாட்டு அறிஞர் அந்துவான் லவாய்சியே 18-ஆம் நூற்றாண்டில் இப்படித்தான் தராசை வைத்துக்கொண்டு, எரியும் பொருளிலிருந்து ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்ற பழைய கருத்தை மாற்றினார்.

இது ஆசிரியர் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்ட வேண்டிய நடவடிக்கை. நாரை நன்றாகப் பிரித்துவிட்டால் காற்று உள்ளே புகும். தீப்பொறி பறக்கும் என்பதால் வெப்பம் தாங்கும் தட்டின் மேல் எரிக்க வேண்டும். உதிரும் துகள்களையும் அந்தத் தட்டிலேயே சேர்த்து நிறுக்க வேண்டும். நார் முழுவதும் எரிவதில்லை. எனவே கூடும் அளவு சிறியதுதான். கிராமில் இரண்டு தசம இடம் வரை காட்டும் மின்னணுத் தராசு இருந்தால் தெளிவாகத் தெரியும்.

பிறகு கணக்கு. 11.2 கிராம் இரும்பு முழுவதும் எரிந்து இரும்பு(மூன்று) ஆக்சைடு ஆனால் எத்தனை கிராம் கிடைக்கும்? இரும்பின் சார்பு அணுப் பொருண்மை 56, உயிர்வளிக்கு 16. விடை 16 கிராம். ஏன் 16 என்பதை நீங்களே செய்து பாருங்கள்.

2. மாத்திரையும் பலூனும்: வேகம் வேறு, அளவு வேறு

மருந்துக் கடையில் கிடைக்கும், நீரில் போட்டால் நுரைக்கும் வைட்டமின் சி மாத்திரை இரண்டு வாங்குங்கள். ஒரே அளவிலான இரண்டு சிறிய நெகிழிப் புட்டிகளில் 100 மில்லிலிட்டர் நீர் ஊற்றுங்கள். ஒரு மாத்திரையை நான்கு துண்டாக உடையுங்கள். மற்றொன்றை நன்றாகப் பொடியாக்குங்கள். துண்டுகளை ஒரு பலூனிலும் பொடியை இன்னொரு பலூனிலும் போட்டு, பலூன்களைப் புட்டிகளின் வாயில் மாட்டுங்கள். இன்னும் நிமிர்த்த வேண்டாம்.

எழுத வேண்டிய கேள்விகள் இரண்டு. எந்தப் பலூன் வேகமாக உப்பும்? கடைசியில் எந்தப் பலூன் பெரிதாக இருக்கும்?

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் எல்லாரும் சரியாகவே எழுதுவார்கள். பொடிக்குப் புறப்பரப்பு அதிகம். நீரில் கரைந்து வினைபுரிய அதிக இடம் கிடைக்கிறது. ஒரு வினாடியில் நடக்கும் பயனுள்ள மோதல்களின் எண்ணிக்கை கூடுகிறது. இரண்டாம் கேள்வியில்தான் வகுப்பு இரண்டாகப் பிரியும். "வேகமாக உப்பியதுதான் பெரிதாகவும் இருக்கும்" என்று ஒரு கூட்டம் உறுதியாக நிற்கும்.

இப்போது இரண்டு பலூன்களையும் ஒரே நேரத்தில் நிமிர்த்துங்கள். புட்டிகளை ஒரே மாதிரி மெல்லச் சுழற்றுங்கள். ஒவ்வொரு 10 வினாடிக்கும் பலூனின் சுற்றளவை நூலால் அளந்து குறியுங்கள். நுரை முழுவதும் அடங்கும்வரை பொறுத்திருங்கள். இரண்டு பலூன்களும் ஏறத்தாழ ஒரே அளவில் வந்து நிற்கும்.

மாத்திரையில் இருக்கும் சிட்ரிக் அமிலமும் சோடியம் பைகார்பனேட்டும் நீரில் சேர்ந்து கரிவளியை உண்டாக்குகின்றன. இரண்டு மாத்திரைகளிலும் அவற்றின் அளவு ஒன்றுதான். பொடியாக்கினால் அளவு கூடிவிடுமா? வினை சீக்கிரம் முடியும், அவ்வளவுதான்.

உங்கள் அளவுகளை வரைபடமாக வரையுங்கள். தொடக்கத்தில் ஒரு கோடு செங்குத்தாக ஏறும், மற்றொன்று சாய்வாக ஏறும். முடிவில் இரண்டும் ஒரே உயரத்தில் படுத்துக்கொள்ளும். வினைவேகப் பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் வரைபடம் இதுதான். ஒருமுறை சொந்தக் கையால் நூல் பிடித்து அளந்தவர், அந்த இரண்டு கோடுகளையும் தேர்வில் குழப்பிக்கொள்ள மாட்டார்.

இங்கே மாறிகளையும் கவனியுங்கள். தற்சார்பு மாறி மாத்திரைத் துண்டின் அளவு. சார்பு மாறி பலூன் உப்பும் வேகம். கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் நீரின் அளவும் வெப்பநிலையும் மாத்திரையின் வகையும். வெப்பநிலை ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்? குளிர்ந்த நீரில் கரிவளி அதிகமாகக் கரையும். அப்போது பலூனுக்குள் வருவது குறையும்.

3. சங்குப்பூ: நாக்கை நம்பலாமா?

நாசி கெராபு சாப்பிட்டிருக்கிறீர்களா? அந்தச் சோற்றுக்கு நீல நிறம் கொடுப்பது சங்குப்பூ. மலாயில் புங்கா தெலாங் என்பார்கள். பல வீடுகளின் வேலியில் படர்ந்திருக்கும். பத்துப் பூக்களைக் கொதிநீரில் போட்டு, ஆறிய பின் வடிகட்டுங்கள். கருநீல நிறத்தில் நீர் கிடைக்கும். அதுவே உங்கள் காட்டி.

இப்போது ஐந்து சிறிய குவளைகளில் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: எலுமிச்சைச் சாறு, வினிகர், சமையல் சோடா கரைத்த நீர், சலவை சோடா கரைத்த நீர், நிறமில்லாத ஓர் இனிப்புக் குளிர்பானம். ஒவ்வொன்றிலும் சங்குப்பூ நீர் சில துளி விட்டால் என்ன நிறம் வரும்? முதல் குவளையைச் செய்து பார்த்துவிட்டு மற்ற நான்குக்கும் கணிப்பு எழுதுங்கள்.

எலுமிச்சைச் சாறு ஊதா கலந்த இளஞ்சிவப்பாகும். வினிகரும் அந்தத் திசையிலேயே போகும். சமையல் சோடாவில் நீலம் சற்றுப் பச்சை கலந்து தெரியும். சலவை சோடாவில் பச்சை நன்றாகத் தெரியும். குளிர்பானம்? இனிப்பாக இருப்பதால் அது நீலமாகவே இருக்கும் என்று பலர் எழுதுவார்கள். ஆனால் அதுவும் ஊதாவாக மாறும். அதில் கரைந்திருக்கும் கரிவளி அமிலத்தை உண்டாக்குகிறது. பெரும்பாலான குளிர்பானங்களில் சிட்ரிக் அமிலமும் சேர்க்கப்படுகிறது. அந்தப் புளிப்பைச் சர்க்கரை நம் நாக்கிலிருந்து மறைத்துவிடுகிறது. பூவை அதனால் ஏமாற்ற முடியாது. பல்லையும் ஏமாற்ற முடியாது. பல்லின் வெளிப்படலத்தை அரிப்பது அந்த அமிலம்தான்.

துகள் தளத்தில் என்ன நடக்கிறது? சங்குப்பூவில் இருப்பது அந்தோசயனின் வகையைச் சேர்ந்த நிறமி. அமிலத்தில் ஹைட்ரஜன் அயனிகள் நிறைய இருப்பதால் நிறமி மூலக்கூறு அவற்றை ஏற்றுக்கொள்கிறது. காரத்தில் இழக்கிறது. ஏற்கும்போதும் இழக்கும்போதும் மூலக்கூறின் அமைப்பு மாறுகிறது. அது உறிஞ்சும் ஒளியும் மாறுகிறது. நம் கண்ணுக்கு வேறு நிறம் தெரிகிறது.

பிஎச் அளவுகோலில் ஒரு படி இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு 10 மடங்கு கூடும் என்பதை நினைவில் வையுங்கள். பிஎச் 5 உள்ள நீர்மத்தைவிட பிஎச் 2 உள்ள நீர்மத்தில் அந்தச் செறிவு எத்தனை மடங்கு? மூன்று மடங்கு என்று சொல்பவர்கள் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். விடை 1000 மடங்கு.

4. ரப்பர் பால்: தாத்தா பாட்டிக்குத் தெரிந்த வேதியியல்

1877-இல் லண்டன் கியூ தாவரப் பூங்காவிலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அந்த மரம் மலாயாவில் பரவியபோது, அதன் தோட்டங்களில் பால் வெட்ட வந்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். நம் குடும்பங்கள் பலவற்றில் தாத்தாவோ பாட்டியோ விடியற்காலையில் மரம் வெட்டப் போனவர்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரு செய்தி படிவம் ஐந்து வேதியியலில் ஒரு பாடமாகவே இருக்கிறது: பால் ஏன் உறைகிறது, எப்படி உறையாமல் காப்பது?

மூன்று முகவைகளில் சம அளவு ரப்பர் பால் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் வினிகர் போன்ற மென்மையான அமிலத்தைச் சேர்த்துக் கலக்குங்கள். இரண்டாவதில் நீர்த்த அமோனியா. மூன்றாவதில் எதுவும் சேர்க்க வேண்டாம். அடுத்த நாள்வரை மூன்றும் எப்படி இருக்கும் என்று எழுதுங்கள். முக்கியமாக மூன்றாவது முகவைக்கு உங்கள் காரணத்தை எழுதுங்கள்.

அமிலம் சேர்த்தது விரைவிலேயே கட்டியாகும். அமோனியா சேர்த்தது நீர்மமாகவே இருக்கும். எதுவும் சேர்க்காததும் மெல்ல உறைந்துவிடும். "அமிலமே சேர்க்கவில்லையே, எப்படி உறைந்தது?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

ரப்பர் பாலில் நுண்ணிய ரப்பர் துகள்கள் நீரில் மிதக்கின்றன. ஒவ்வொரு துகளையும் சுற்றிப் புரதப் படலம் இருக்கிறது. அதன் மேல் எதிர்மின்னூட்டம். ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை ஒன்றையொன்று விலக்கும். அதனால் துகள்கள் ஒட்டுவதில்லை, பால் பாலாகவே இருக்கிறது. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் அந்த எதிர்மின்னூட்டத்தைச் சமன் செய்கின்றன. விலக்குவதற்கு ஒன்றுமில்லாமல் துகள்கள் மோதுகின்றன, படலம் உடைகிறது, உள்ளே இருக்கும் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. மூன்றாவது முகவையில் காற்றிலிருந்து வந்த பாக்டீரியா வளர்ந்து, தானே அமிலத்தை உண்டாக்குகிறது. அதனால்தான் தாமதம். அமோனியாவின் ஹைட்ராக்சைடு அயனிகள் அந்த அமிலத்தைச் சமன் செய்துவிடுவதால் உறைதல் தடுக்கப்படுகிறது.

தோட்டங்களில் பாலை உறைய வைக்கப் பயன்படுத்தியது ஃபார்மிக் அமிலம். எறும்புக்கு லத்தீன் மொழியில் உள்ள சொல்லிலிருந்து அதற்கு அந்தப் பெயர் வந்தது. எறும்பிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மங்கில் பால் உறைந்துபோனால் என்ன ஆகும், எந்த வாசனை வரும், எதைச் சேர்த்தார்கள் என்று கேளுங்கள். நீங்கள் அயனி என்று சொல்வதை அவர்கள் வேலையாகச் சொல்வார்கள்.

ரப்பர் பால் கிடைக்காத பட்டணத்துப் பள்ளிகள் பசும்பாலில் எலுமிச்சை பிழிந்து இதே கேள்வியைக் கேட்கலாம். பாலிலுள்ள கேசின் புரதத் துகள்களும் எதிர்மின்னூட்டம் கொண்டவைதாம். பன்னீர் செய்வதும் ரப்பர் தாள் செய்வதும் தொடக்கத்தில் ஒரே வேதியியல்.

5. ஒரு கைப்பிடிப் பயறு: மோல் என்றால் என்ன?

மோல் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்களுக்கு இது. சமையலறையில் பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும் இருக்கும். ஒவ்வொன்றிலும் 100 மணிகளை எண்ணி நிறுங்கள். பச்சைப்பயறு 5 கிராம், கொண்டைக்கடலை 40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டுப் பயறுக்கு எண்கள் சற்று மாறலாம்.

இனி எண்ணக் கூடாது. 1 கிலோ பச்சைப்பயற்றில் எத்தனை மணிகள்? அதே எண்ணிக்கையில் கொண்டைக்கடலை வேண்டுமென்றால் எத்தனை கிலோ வாங்க வேண்டும்? எழுதுங்கள்.

முதல் விடை 20,000. இரண்டாவது 8 கிலோ. ஒரு மணிகூட எண்ணாமல் தராசை வைத்தே எண்ணிவிட்டீர்கள். வேதியியலர் அணுக்களை எண்ணுவதும் இப்படித்தான். ஒரு மக்னீசியம் அணு ஒரு கார்பன் அணுவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு பொருண்மை கொண்டது. ஆகவே 12 கிராம் கார்பனிலும் 24 கிராம் மக்னீசியத்திலும் ஒரே எண்ணிக்கையில் அணுக்கள் இருக்கும். அந்த எண்ணிக்கைக்குப் பெயர் ஒரு மோல். 20 மே 2019 முதல் நடைமுறையில் உள்ள வரையறைப்படி அது சரியாக 6.02214076 × 10²³.

இந்த எண்ணைக் கையில் பிடித்துப் பார்க்க ஆசையா? 18 கிராம் நீரை ஒரு சிறிய குவளையில் ஊற்றுங்கள். ஒரு வாய் குடிக்கும் அளவுதான். அதில் ஒரு மோல் நீர் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒரு துளி நீர் 0.05 மில்லிலிட்டர் என்று கொண்டால், அந்தத் துளியில் ஏறத்தாழ 1.7 × 10²¹ மூலக்கூறுகள் இருக்கும்.

6. மறைந்த அட்டை: மெண்டலீவைப் போல் கணியுங்கள்

தனிம வரிசை அட்டவணையின் முதல் 20 தனிமங்களுக்கு அட்டைகள் செய்யுங்கள். ஒவ்வோர் அட்டையிலும் புரோட்டான் எண், உருகுநிலை, நீருடன் வினைபுரியும் விதம் ஆகியவற்றை எழுதுங்கள். ஒருவர் ஓர் அட்டையை மறைத்துவிட வேண்டும். மற்றவர்கள் அக்கம்பக்கத்து அட்டைகளைப் பார்த்து, மறைந்த தனிமத்தின் பண்புகளைக் கணித்து எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, லித்தியத்தின் உருகுநிலை 181 பாகை செல்சியஸ், சோடியத்துக்கு 98. அப்படியானால் பொட்டாசியத்துக்கு? அதே அளவு குறையும் என்று கழித்தால் 15 என்று வரும். உண்மையில் அது 63. குறையும் என்ற திசை சரி, அளவு தவறு. ஏன் அவ்வளவு வேகமாகக் குறையவில்லை என்று பேசத் தொடங்கினால் பாடம் அங்கிருந்து தானே நகரும்.

ரஷ்ய வேதியியலர் டிமித்ரி மெண்டலீவ் 1869-இல் தம் அட்டவணையை வெளியிட்டார். தெரியாத தனிமங்களுக்கு அதில் இடம் விட்டு, பின்னர் அவற்றின் பண்புகளையும் எழுதி வைத்தார். 1875-இல் பிரான்சில் காலியம் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் முதலில் அளந்த அடர்த்தி 4.7. மெண்டலீவ் கணித்தது 5.9-க்கும் 6-க்கும் இடைப்பட்டது. மாதிரியைத் தூய்மைப்படுத்தி மீண்டும் அளக்கும்படி அவர் எழுதினார். மீண்டும் அளந்தபோது 5.9 என்று வந்தது. அந்தத் தனிமத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர் எழுதிய எண், அளந்தவரை இன்னொரு முறை அளக்க வைத்தது.

ஆனால் மெண்டலீவின் எல்லாக் கணிப்புகளும் பலிக்கவில்லை. ஹைட்ரஜனைவிட இலேசான தனிமங்களும் இருக்கும் என்று பிற்காலத்தில் அவர் கருதினார். அப்படி எதுவும் இல்லை. அதற்காக யாரும் அவரை மட்டம் தட்டுவதில்லை. அவர் காரணத்தோடு எழுதி வைத்தார். அதனால் மற்றவர்கள் அதைச் சோதித்துப் பார்க்க முடிந்தது.

இது தேர்வுக்கு உதவுமா?

பெற்றோரும் மாணவர்களும் தவறாமல் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். எஸ்.பி.எம். வேதியியலின் மூன்றாம் தாள் இப்போது செய்முறைத் தேர்வு. கருவியைக் கையாள வேண்டும், அளவெடுக்க வேண்டும், அட்டவணையில் பதிய வேண்டும், கண்டதிலிருந்து ஊகிக்க வேண்டும். விடையை மனப்பாடம் செய்தவருக்குக் கேள்வி சற்று மாறினாலே கை நடுங்கும்.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. கணிப்பு எழுதாமல் பரிசோதனையைப் பார்ப்பவருக்கு எது நடந்தாலும் "ஆமாம், எனக்கு முன்பே தெரியும்" என்று தோன்றும். எழுதியவருக்கு அந்த வசதி கிடையாது. இரும்பு நார் குறையும் என்று தன் கையெழுத்தில் இருக்கும்போது தராசு வேறொன்றைக் காட்டினால், மூளை அந்த இடைவெளியை நிரப்பாமல் விடாது. அந்த நேரத்தில் கேட்கும் விளக்கம் மனத்தில் நிற்கிறது. ஆகவே தவறான கணிப்பை அடித்துவிடாதீர்கள். அதன் பக்கத்தில் வேறு நிற மையில் "இப்போது நான் நினைப்பது" என்று எழுதுங்கள். ஆண்டு முடிவில் அந்தப் பக்கங்களைப் புரட்டினால், எதைப் படித்தீர்கள் என்பதோடு எப்படி மாறினீர்கள் என்பதும் தெரியும்.

குழுவாகச் செய்யும்போது ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் தனித்தனியே எழுதிய பிறகே பேச வேண்டும். இல்லாவிட்டால் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவர் சொன்னதையே எல்லாரும் எழுதுவார்கள். நான்கு பேர் குழுவில் ஒரே கணிப்புதான் மிஞ்சும்.

கவனத்தில் கொள்க

சங்குப்பூ, மாத்திரைப் பலூன், பயறு, அட்டை ஆகிய நான்கையும் வீட்டில் செய்யலாம். சலவை சோடா தோலையும் கண்ணையும் எரிக்கும் என்பதால் அதைத் தொடும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். பரிசோதனைக்கு எடுத்த எதையும் பிறகு வாயில் வைக்கக் கூடாது. வாயு உண்டாகும் வினையை இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில் ஒருபோதும் செய்யாதீர்கள், வெடித்துச் சிதறலாம். இரும்பு நார் எரிப்பதும் அமோனியா கலப்பதும் ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, சன்னல்களைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும்.

இந்த வாரக் கேள்வி

சங்குப்பூ நீரில் எலுமிச்சைச் சாறு விட்டு ஊதாவாக்கிவிட்டீர்கள். இப்போது அதில் சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் நீலம் திரும்பி வருமா? அதேபோல், அமிலம் விட்டு உறைந்துபோன ரப்பரின் மேல் அமோனியா ஊற்றினால் அது மீண்டும் பாலாகுமா? இரண்டிலும் அமிலத்தைக் காரம் சமன் செய்கிறது. இரண்டுக்கும் பதில் ஒன்றுதானா?

முதல் பாதியை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டாம் பாதிக்கு உங்கள் ஆசிரியரிடம் பேசுங்கள். ஆனால் எதையும் கலக்கும் முன், அந்தத் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள்.